நாச்சம்மாள் கேட்ட லைசென்ஸ்

முனிசிபாலிட்டி சேவகன் சித்தையன், விறகுக் கொட்டகையின் தூணில் பசை தடவி ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுக் கிளம்பினான். சாம்பல் அள்ளிக்கொண்டிருந்த நாச்சம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவனை நிறுத்தினாள்.

"என்னன்னு படிச்சுச் சொல்லிட்டுப் போ."

"எனக்கு எழுத்துத் தெரியாதக்கா. ஒட்டச் சொன்னாங்க, ஒட்டிட்டேன்."

"எனக்குந் தெரியாது. அப்ப இத யாருக்கு ஒட்டுன? இங்க வர்ற பொணம் படிக்கவா?"

சித்தையன் நடையைக் கட்டினான். பசை காய்வதற்குள் நாச்சம்மாள் அந்தக் காகிதத்தை உரித்தெடுத்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டு, முனிசிபாலிட்டி ஆபீசுக்கு இரண்டு மைல் நடந்தாள். அது 1909ஆம் வருஷம், மாசி மாதம். மைசூர் நகரத்துக்குத் தெற்கே, நஞ்சன்கூடு சாலையை ஒட்டியிருந்த அந்தச் சுடுகாட்டில் அவள் பிணம் எரிக்கத் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அவளிடம் யாரும் ஒரு காகிதமும் கேட்டதில்லை.

அவளுக்கு ஊர் ராமாபுரம். அன்றைக்கு அந்தப் பக்கமெல்லாம் கோயமுத்தூர் ஜில்லா, மைசூர் மகாராஜாவின் எல்லைக்கு வெளியே. புருஷன் கரியப்பனுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. மழை பொய்த்த வருஷங்களில் வண்டியில் காட்டு விறகு ஏற்றி மைசூருக்குக் கொண்டு போய் விற்பான். அப்படித்தான் பிளேக் வந்த வருஷத்தில் இந்தச் சுடுகாட்டுக்கு விறகு இறக்க வந்தான். வந்தவன் திரும்பிப் போகவில்லை. பரம்பரையாக எரித்துவந்த குடும்பத்தில் மூன்று பேரைப் பிளேக் கொண்டுபோயிருந்தது, மிச்சம் இருந்தவர்கள் ஊரைவிட்டே ஓடியிருந்தார்கள். வேலி ஓரத்தில் பிணங்கள் வரிசையாகக் கிடந்தன. நாய்களை விரட்ட ஒரு ஆள் இல்லை. கரியப்பன் விறகை இறக்கினான், பார்த்தான், மாட்டை அவிழ்த்து மரத்தில் கட்டினான். அன்றைக்கு மட்டும் மூன்று பேருக்குச் சிதை அடுக்கினான். மறுநாள் முனிசிபாலிட்டி ஓவர்சீயர் ஒருவர் தூரத்தில் நின்று, "நீயே இருந்துவிடு" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி கேள்விப்பட்டு நாச்சம்மாள் மகள் பசம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ராமாபுரத்தில் சொந்தங்கள் பேச்சை நிறுத்தின. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் தொட்டையன் ஒரு தடவை வந்தான். தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தாள். செம்பைக் கையில் வாங்காமல், வழியிலே குடித்துக்கொள்கிறேன் என்று போய்விட்டான்.

இரண்டாவது வருஷம் கரியப்பனுக்கே தொடை இடுக்கில் கட்டி கிளம்பியது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான். தூக்க ஆளில்லை. அவளே வண்டியில் ஏற்றி, அவளே அடுக்கி, அவளே கொள்ளி வைத்தாள். விடிந்தபோது வேலிக்கு வெளியே நான்கு பாடைகள் காத்திருந்தன. கொண்டுவந்தவர்கள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொம்பளை எரிக்கலாமா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. சீக்கிரம் ஆகட்டும் என்றுதான் சொன்னார்கள்.

ஆபீஸ் வராந்தாவுக்குக் கீழே நின்று அவள் குரல் கொடுத்தபோது வெளியே வந்தவர் பட்டாபிராமன். ஆணைகளை இங்கிலீஷிலிருந்து கன்னடத்துக்கு மொழிபெயர்க்கும் குமாஸ்தா. அவருடைய அப்பா காலத்தில் ரெயில்வே வேலைக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து மைசூரில் நிலைத்த குடும்பம். தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் காகிதத்தை வாங்கிப் படித்தார். தொட்டுவிடாமல், ஓரத்தைப் பிடித்துத்தான் வாங்கினார்.

"இனிமே சுடுகாடு நடத்தறவா எல்லாரும் லைசென்ஸ் வாங்கணும். ரெண்டு மாசம் தவணை. அதுக்கப்புறம் லைசென்ஸ் இல்லாம எரிச்சா அபராதம், ஜெயில்."

"லைசென்ஸுன்னா என்னங்க சாமி?"

"அனுமதிச் சீட்டு. சுத்திச் சுவர் கட்டணும். சிதைக்கு மேலே தகரக் கூரை போடணும். வர்ற ஒவ்வொரு பிரேதத்துக்கும் பேர், வயசு, என்ன வியாதி எல்லாம் பதிவு எழுதணும். வீடுகளுக்கு இருநூறு கெஜம் தள்ளி இருக்கணும். மனு போடறவா நன்னடத்தை உள்ளவான்னு சொந்த வீடு இருக்கற ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

"அவ்வளவுதானுங்களா?"

பட்டாபிராமன் காகிதத்தை இன்னொரு தரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "அவ்வளவுதான்" என்று மடித்துக் கொடுத்துவிட்டார்.

அவள் மலைத்துப்போகவில்லை. முறை என்று ஒன்று வேண்டும் என்பதில் அவளுக்கும் சம்மதம்தான். மழைக்காலத்தில் பாதி எரிந்த உடம்போடு இரவெல்லாம் மல்லுக்கு நின்றவள் அவள். தகரக் கூரையை அவளே பத்துத் தரம் கேட்டிருக்கிறாள். முனிசிபாலிட்டி காதில் வாங்கவில்லை. இப்போது அதையே அவள் போடவேண்டுமாம், இல்லாவிட்டால் ஜெயிலாம். இந்த நியாயம்தான் அவளுக்கு விளங்கவில்லை.

வண்டிப்பேட்டை ஆட்கள் கை கொடுத்தார்கள். அவர்கள் வீட்டுச் சாவுகளெல்லாம் அவளிடம்தான் வந்தன. சுவருக்குக் கல்லும் மண்ணும் அவர்கள் வண்டிகளில் வந்தன. கூரைக்கு அவள் கழுத்தில் கிடந்த தங்கக் கொடி போயிற்று. பதிவு எழுத மகள் இருந்தாள். பசம்மாவுக்கு அப்போது பதினேழு வயது, மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

கையெழுத்துதான் கிடைக்கவில்லை. வண்டிப்பேட்டைக்காரர்கள் யாருக்கும் சொந்த வீடு கிடையாது. நாச்சம்மாள் வெல்லமண்டி லிங்கப்பன் வீட்டுக்குப் போனாள். பிளேக்கில் லிங்கப்பனின் தகப்பனார் இறந்தபோது, பிள்ளைகள் நாலு பேரும் தொற்றுக்குப் பயந்து ஊருக்கு வெளியே கூடாரத்தில் இருந்தார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. கரியப்பனும் அவளும்தான் அந்தப் பெரியவரைத் தூக்கினார்கள்.

லிங்கப்பன் நடைக்கு வரவே இல்லை. கதவுக்கு உள்ளிருந்தே குரல் வந்தது.

"விடியற நேரத்துல வாசல்ல வந்து நிக்கிறியே. வீட்டுல கல்யாணம் வச்சிருக்கோம்."

"ஒரு கையெழுத்துங்க. நான் நல்ல மாதிரி நடந்துக்கிறவன்னு எழுதிக் குடுத்தாப் போதும். உங்க அப்பாருக்கு எப்படிச் செஞ்சோமின்னு உங்களுக்கே தெரியுமுங்க."

"அதெல்லாம் இப்ப எதுக்கு? சுடுகாட்டுக் காகிதத்துல என் பேர் வரக்கூடாது. போயிட்டு வா."

"போயிட்டு வான்னு சொல்லாதீங்க. நான் வர்றது உங்களுக்கு ஆகாது. போன்னே சொல்லுங்க."

அவள் திரும்பி நடந்தாள். தெரு முனை வரைக்கும் அடக்கிவைத்திருந்த கோபம் அங்கே பொத்துக்கொண்டது. அழவில்லை. அந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்குத் தான் கொள்ளிக்கட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தாள். லிங்கப்பன் வீட்டையும் சேர்த்துப் பதினொன்று. மிச்சக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒன்பது வீட்டில் லிங்கப்பன் சொன்னதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். கடைசி வீடு அன்னபூர்ணி என்ற விதவையுடையது. அந்த அம்மாள் கதவைத் திறந்து, "நான் போடறேன். பொம்மனாட்டி கையெழுத்தை ஒத்துப்பாளோ மாட்டாளோ" என்று சொல்லி, தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, தன் தம்பியையும் கூப்பிட்டுப் போடச் சொன்னாள். அந்தத் தம்பி அடுத்த தெருவில் சொந்த வீடு கட்டியிருந்தவன். அக்கா சொல்லைத் தட்ட முடியாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டான்.

மனு போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் பார்வையிட வந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் ஜட்காவை நிறுத்தி, மூக்கில் கைக்குட்டையோடு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏதோ எழுதத் தொடங்கினார்.

நாச்சம்மாள் சாலையைத் தாண்டிப் போனாள். "உள்ள வந்து பாருங்க."

"இங்கிருந்தே தெரிகிறது."

"சுவரு வெளிய இருக்குது, தெரியும். கூரை உள்ள இருக்குது. பதிவு நோட்டு உள்ள இருக்குது. பாக்காம என்னங்க எழுதறீங்க?"

இன்ஸ்பெக்டர் வேண்டாவெறுப்பாக இறங்கினார். கூரையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், குறை ஒன்றும் அகப்படவில்லை. பிறகு கூட வந்தவர்களிடம் சங்கிலியைக் கொடுத்து வடக்கே இருந்த வீடுகள் வரை அளக்கச் சொன்னார். நூற்று ஐம்பது கெஜம்.

"இருநூறு இருக்கவேண்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"அந்த வீடுங்க எப்பக் கட்டினதுன்னு எழுதுங்க" என்றாள் நாச்சம்மாள்.

"அது எதற்கு?"

"மூணு வருஷத்துக்கு முந்தி அது வெறும் கொள்ளுக்காடு. முனிசிபாலிட்டிதான் மனை போட்டு வித்துச்சு. சுடுகாடு எந்திரிச்சு நடந்து போயி அந்த வீட்டுக்கிட்ட உக்காரலீங்க. வீடுதான் நடந்து வந்திருக்குது. தள்ளிப் போகச் சொல்றதா இருந்தா அதைச் சொல்லுங்க."

சங்கிலி பிடித்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். இன்ஸ்பெக்டர் அவனை முறைத்துவிட்டு ஜட்கா ஏறினார்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. இந்தத் தடவை பசம்மா படித்தாள். தூரத்தைப் பற்றி, வடக்குச் சுவரை ஏழடிக்கு உயர்த்தினால் போதும் என்றிருந்தது. ஆனால் மனு தள்ளுபடி. ஏனென்றால், அறிவிப்பின் ஏழாவது பிரிவுப்படி மனுதாரர் வயது வந்த ஆணாக இருக்கவேண்டும்.

நாச்சம்மாள் அந்த வரியை மூன்று முறை படிக்கச் சொன்னாள். அன்றைக்குப் பட்டாபிராமன் வாயெடுத்துச் சொல்லாமல் விட்டது இதுதான் என்று புரிந்தது. சுவர் கட்டுமுன்பே சொல்லியிருக்கலாம். கொடியைக் கழற்றுமுன்பே சொல்லியிருக்கலாம். பதினொரு வாசலில் போய் நிற்குமுன்பே சொல்லியிருக்கலாம்.

தவணை முடிந்த மறுநாள் காலை, வண்டிச்சக்கரம் செய்யும் மல்லப்பன் தன் தாயாரைப் பாடையில் கொண்டுவந்தான். நாச்சம்மாள் வாசலில் நின்றாள்.

"மல்லப்பா, நேத்தோட எனக்கு அனுமதி முடிஞ்சுது. நான் எரிச்சா ஜெயில். நான் உள்ள போயிட்டா நாளைக்கு வர்றவங்களுக்கும் ஆளில்ல."

"இப்ப நான் எங்கம்மாவ எங்க கொண்டு போறது? மேற்குச் சுடுகாட்டுல எங்க ஜாதிய விடமாட்டாங்க."

"அத முடிவு பண்ணினவங்களத்தான் கேக்கோணும். நீ போறதா இருந்தா நானும் கூட வர்றேன். முடியாதுன்னு நீ சொன்னா, ஜெயிலுக்குப் போனாலும் போறேன், அம்மாவ அடுக்கறேன். உன் இஷ்டம்."

மல்லப்பன் குனிந்து தன் தாயின் முகத்தைப் பார்த்தான். பிறகு பாடையைத் தூக்கியவர்களைப் பார்த்து, "திருப்புங்க" என்றான்.

பதினொரு மணி வெயிலில் பாடை முனிசிபாலிட்டி ஆபீஸ் முற்றத்தில் இறங்கியது. உள்ளே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. சிலர் பின்வாசல் வழியாக வெளியேறினார்கள். கிழவியின் முகத்தில் வெயில் அடித்தது. நாச்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தன் முந்தானையை விரித்துப் பிடித்தாள். இந்தப் பெரியம்மாவை இப்படிச் சுமந்து அலைய வைத்துவிட்டோமே என்று அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. அந்த உறுத்தலும் சேர்ந்து கோபமாகத்தான் மாறியது.

முனிசிபல் தலைவர் வராந்தாவுக்கு வந்தார். கன்னடத்தில் அதட்டினார். "பிணத்தை இங்கே கொண்டுவரச் சொன்னது யார்?"

நாச்சம்மாள் எழுந்திருக்கவில்லை. அவளும் கன்னடத்திலேயே சொன்னாள். "நீங்கதாங்க. என் கையில அனுமதி இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க. அனுமதி உங்ககிட்டதான் இருக்குது. அதான் கொண்டுவந்தோம்."

"நீ இந்த சமஸ்தானத்துக்காரிகூட இல்லை. கோயமுத்தூர் ஜில்லாக்காரி. உனக்கு இவ்வளவு வாயா?"

"பிளேக்குல இங்க செத்தவங்கள எரிச்சப்ப எந்த ஜில்லான்னு யாரும் கேக்கலீங்க."

மல்லப்பனின் கூட்டத்தோடு தெருவில் போனவர்களும் சேர்ந்துகொண்டிருந்தார்கள். தலைவர் உள்ளே போய் ஒரு துண்டுச் சீட்டு எழுதி அனுப்பினார்: இந்த ஒரு பிரேதத்துக்கு மட்டும் அனுமதி. நாச்சம்மாள் அதைத் திருப்பி அனுப்பினாள். நாளைக்குச் சாகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கச் சொன்னாள். இரண்டாவது சீட்டு ஒரு வாரத்துக்கு என்று வந்தது. அதை வாங்கிக்கொண்டு, பாடைக்கு முன்னால் நடந்தாள்.

அந்த வாரத்தின் ஐந்தாம் நாள் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தலைவர் இந்த முறை குரலை உயர்த்தவில்லை. தகராறு வேண்டாம், ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம் என்றார். பழைய பிளேக் ரிஜிஸ்தரில், சுடுகாட்டுக்காரன் கரியப்பன் என்று பெயர் இருக்கிறது. ஏற்கெனவே நடத்திவருபவர் என்ற முறையில் லைசென்ஸை அவன் பெயரிலேயே கொடுத்துவிடலாம். அவனுக்காக இவள் கைநாட்டு வைத்தால் போதும்.

பட்டாபிராமன் ஓரத்தில் நின்று காகிதத்தையும் மைப்பெட்டியையும் அவள் பக்கம் நகர்த்தினார். நாச்சம்மாள் கையை நீட்டவில்லை.

"அவரு செத்துட்டாருங்க."

"தெரியும். காகிதத்துக்காகத்தான்."

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். அவர எரிச்சது நான். எலும்பு பொறுக்கினதும் நான். ஒன்பது வருஷமா உங்க ஊருச் சனத்த எரிக்கிறது அவரில்லீங்க. செத்த ஆம்பளைக்கு லைசென்ஸு குடுப்பீங்க, உசுரோட நிக்கிற பொம்பளைக்குக் குடுக்கமாட்டீங்க. இது என்னங்க சட்டம்?"

"இதைவிட்டால் வேறு வழி கிடையாது."

"அப்ப எனக்கு இது வேண்டாமுங்க. நாளன்னைக்குச் சீட்டு முடியுது. அப்பறம் வர்றத இங்கதான் அனுப்பி வைப்பேன்."

அன்று சாயங்காலம், ஒரு சிதை தணிந்துகொண்டிருந்த நேரத்தில் பட்டாபிராமன் சுடுகாட்டுக்கு வந்தார். அங்கே அவர் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, நாச்சம்மாள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"மூலச் சட்டம் இங்கிலீஷிலே இருக்கு. அதுலே ஆண்னு இல்லை. பர்சன்னு இருக்கு. ஆள்னு அர்த்தம். ஆணும் ஆகலாம், பெண்ணும் ஆகலாம். கன்னடத்துலே புருஷ, அதாவது ஆண்னு எழுதினது நான்தான். வேணும்னு செய்யலை. சுடுகாட்டுக்காரான்னா ஆம்பளைதானேன்னு நினைச்சு எழுதிட்டேன்."

நாச்சம்மாள் கையிலிருந்த கழியைக் கீழே ஊன்றினாள். "இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"உன் மனுவைத் தள்ளுபடி பண்ணின அன்னிக்கே எடுத்துப் பார்த்தேன்."

"மூணு வாரமாச்சுங்க."

"ஆமாம்."

"மல்லப்பன் அவங்கம்மாவ வெயில்ல போட்டுட்டு நின்னானே, அன்னைக்கும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். வேலை போயிடுமோன்னு பயம். தப்பா மொழிபெயர்த்தேன்னு எப்படிச் சொல்றது? என் அப்பா பேர் கெட்டுப்போகும்னு..."

"அதுக்காக எம் பேரு இல்லாமப் போகலாமுங்களா?"

சிதையிலிருந்து ஒரு கட்டை சரிந்தது. அவள் போய் அதைத் தள்ளிவிட்டு வந்தாள்.

"எங்கிட்ட வந்து சொல்லி என்னங்க பிரயோசனம்? எனக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிஞ்சவங்க அங்க உக்காந்திருக்காங்க. அங்க போயிச் சொல்லுங்க. நீங்க எழுதுனத நீங்களே திருத்துங்க."

அவர் சொன்னாரா என்று இரண்டு நாள் அவளுக்குத் தெரியவில்லை. சீட்டு முடிகிற அன்று காலையில் சித்தையன் வந்தான். இந்த முறை தூணில் ஒட்டாமல், கையில் கொடுத்தான். பசம்மா வாய்விட்டுப் படித்தாள். மொழிபெயர்ப்புப் பிழை திருத்தப்பட்டிருக்கிறது, கரியப்பன் மனைவி நாச்சம்மாளுக்கு ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் வழங்கப்படுகிறது, வடக்குச் சுவர் ஏழடி ஆகவேண்டும். பட்டாபிராமனை ஜனன மரணப் பதிவுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று சித்தையன் சொன்னான். மொழிபெயர்க்க இனி அவரை விடமாட்டார்களாம். நாச்சம்மாள் அதற்குச் சந்தோஷப்படவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. "நேரத்தோட சொல்லியிருந்தா இத்தன வந்திருக்காது" என்றாள்.

சுவரை ஏழடிக்கு உயர்த்தினாள். புது வீட்டுக்காரர்கள் புகையைப் பார்க்காமல் இருப்பதற்காக இவள் ஏன் கல் சுமக்கவேண்டும் என்று கொத்தனாரிடம் ஒவ்வொரு வரிசைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொத்தனார் கடைசியில், "அக்கா, நான் கட்டறவன்தான், கட்டச் சொன்னவன் இல்ல" என்று கெஞ்சினான்.

லைசென்ஸ் வருஷா வருஷம் புதுப்பிக்கவேண்டியது. ஒவ்வொரு வருஷமும் அவளே போனாள். முதல் சில வருஷம் வராந்தாவுக்குக் கீழே நிற்கச் சொன்னார்கள். மற்ற லைசென்ஸ்காரர்கள், அதாவது எண்ணெய்க் கடைக்காரரும் சோடாக் கடைக்காரரும், உள்ளே நிற்பதைப் பார்த்துவிட்டு அவளும் உள்ளே போய் வரிசையில் நின்றாள். முன்னால் இருந்தவர்கள் விலகிப் போனதால் அவளுக்குத்தான் முதலில் ஆயிற்று. அந்த அவமானத்தையும் அவள் விழுங்கவில்லை. "விலக வேண்டாம், உங்களுக்கும் ஒருநாள் நான்தான்" என்று சத்தமாகவே சொல்வாள். லிங்கப்பன் இறந்தபோது அவர் பிள்ளைகள் இங்கேதான் கொண்டுவந்தார்கள். அவள் மற்றவர்களுக்கு எப்படி அடுக்குவாளோ அப்படியே அடுக்கினாள். சாம்பலை வாங்க வந்த மூத்தவன் தின்பண்டம் ஒரு பொட்டலம் நீட்டினான். அதை மட்டும் வாங்கவில்லை.

1918இல் விஷக்காய்ச்சல் வந்தபோது ஒரு நாளைக்கு இருபது முப்பது என்று வந்து குவிந்தன. அந்த இரண்டு மாதமும் எந்த இன்ஸ்பெக்டரும் சுவரை அளக்க வரவில்லை. பசம்மா அத்தனை பெயரையும் எழுதினாள். பெயர் தெரியாதவர்களுக்குப் புடவை நிறத்தையும் கையில் குத்தியிருந்த பச்சையையும் எழுதினாள். பிறகு காணாமல்போனவர்களைத் தேடி வந்த பலருக்கு அந்த நோட்டில்தான் விவரம் கிடைத்தது.

நாச்சம்மாள் 1926இல், ஆடி மாதத்தில் இறந்தாள். நெஞ்சுவலி, ஒரே நாள்தான். அன்று பசம்மா ஜனன மரணப் பிரிவுக்குப் போனாள். பட்டாபிராமன் அதற்கு முன்பே ஓய்வுபெற்றிருந்தார். புதிதாக வந்த குமாஸ்தா பெயரும் வயதும் கேட்டு எழுதிக்கொண்டான். தொழில் என்ற இடத்தில் யாரையும் கேட்காமல் 'கூலி' என்று எழுதினான். பசம்மா தலைகீழாக இருந்த எழுத்தை அந்தப் பக்கத்திலிருந்தே படித்தாள்.

"அதை அடிங்க" என்றாள்.

"எதை?"

"கூலிங்கிறதை. எங்கம்மா யாருகிட்டயும் கூலிக்கு இல்ல. சுடுகாடு நடத்தினாங்க. இந்த ஆபீசுலதான் பதினேழு வருஷமா லைசென்ஸு குடுத்திருக்கீங்க."

ரிஜிஸ்தரில் அடித்துத் திருத்தக்கூடாது என்றான் குமாஸ்தா. அவள் நகரவில்லை. பின்னால் வரிசை நீண்டது. அவன் மேலதிகாரியைக் கேட்க உள்ளே எழுந்து போனான். பதிவு முடிந்ததும் தூக்கிப்போக, வெளியே மல்லப்பனும் வண்டிப்பேட்டை ஆட்களும் நாச்சம்மாளின் பாடையோடு காத்திருந்தார்கள். பசம்மா வாசல் பக்கம் திரும்பி, கொஞ்சம் நேரம் ஆகும், நிழலில் இறக்கி வையுங்கள் என்று சைகை காட்டினாள்.